தொட்டி மூடியில் சிவப்புத் துணி

மருந்துத் தொட்டி அந்த வீட்டுக்கு ஒன்றுதான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டி. திராட்சைக் கொடிக்குக் கந்தகம் கரைப்பதும் அதில்தான், வேலியோரத்து முள்ளுக்குக் களைக்கொல்லி கரைப்பதும் அதில்தான். வசதி உள்ளவன் இரண்டுக்கும் இரண்டு வைத்துக்கொள்வான். பதினான்கு வரிசைக் கொடியை வைத்துக்கொண்டு ஒயின் போடுகிறவனுக்குப் பழம் கொடுக்கிறவன், ஒன்றை வைத்துக்கொண்டு அதைக் கழுவிக் கழுவியே சாவான்.

வேலிக்கு அடிக்கிற களைக்கொல்லி திராட்சைக்கு எமன். தொட்டியின் அடியில் ஒரு டம்ளர் தங்கியிருந்தால் போதும், அந்த வருஷம் கொடி கோணிக்கொண்டு நிற்கும். அதனால் அப்பா முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் போட்டார். களைக்கொல்லி அடித்த கையோடு தொட்டி மூடியில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். சலவைச் சோடா கரைத்து ஒரு ராத்திரி ஊறப் போட்டு, மூன்று தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசினவன்தான் துணியை அவிழ்க்க வேண்டும். துணி இருந்தால் தொடாதே; இல்லையென்றால் ஊற்று. குடித்துவிட்டு வந்தவனுக்கும் புரிகிற சட்டம். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மகனுக்கு நாற்பத்துநாலு வயது. ஊரில் ஒத்தாசை என்று சொன்னால்தான் அவனைத் தெரியும். "என்னப்பா பண்ணிட்டிருக்கே?" என்று கேட்பவர்களிடம் "அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கேன்" என்று இருபது வயதில் சொல்ல ஆரம்பித்தான், இருபத்துநாலு வருஷமாக வேறு பதில் சொல்ல வாய்க்கவில்லை. எந்த முனையில் கவாத்து வெட்டுவது, எந்த நாளில் மருந்து, எந்த நாளில் அறுப்பு, எல்லாம் அப்பா. தூக்கு, இறக்கு, பிடி, கட்டு, எல்லாம் இவன். டிராக்டர் சாவி அப்பாவின் இடுப்புப் பட்டையில் தொங்கும். அப்பாவுக்கு எழுபத்துநாலு. அம்மா போய் ஏழு வருஷம். அக்கா டவுனில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு அடுப்பு, பேச்சு குறைவு.

அந்த வருஷம் கவாத்து நன்றாகவே முடிந்தது. வெட்டிய முனைகளில் நீர் சொட்டி, மொட்டு உப்பி, தளிர் முழங்கை நீளம் வந்திருந்தது. ஒரு சாயங்காலம் ஒத்தாசை வேலியோரம் களைக்கொல்லி அடித்தான். துணி கட்டினான். தொட்டி கழுவுவதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். இதுவரை தப்பில்லை.

காலையில் கொட்டகையில் கம்பியை முறுக்கி இழுக்கும்போது கம்பி அறுந்து அடித்தது. உள்ளங்கை பிளந்துவிட்டது. ரத்தம் முழங்கை வரைக்கும் ஓடியது. கட்டுவதற்கு எதுவும் கையில் அகப்படவில்லை. எதிரே தொட்டி. மூடியில் துணி. அவிழ்த்துக் கையைச் சுற்றிக்கொண்டு, ரோட்டில் வந்த பால் வண்டியில் ஏறி டவுனுக்குப் போனான். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியைப் பிரித்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இது என்ன நாத்தம்? மருந்து துணியையா காயத்துல கட்டுவாங்க? அறிவு இருக்கா உங்களுக்கு?"

"வேற இல்லைங்க."

"அறிவா, துணியா?" என்று கேட்டுக்கொண்டே அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஆறு தையல். மரத்துப்போக ஓர் ஊசி, ஒரு காபி, பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம். தோட்டத்துக்குத் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. திருப்பத்திலேயே டிராக்டர் சத்தம் கேட்டது. இரண்டு நாள் மூட்டத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வெயில். சாம்பல் நோய் பிடிக்கிற வெயில். அப்பா காத்திருக்க மாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். தொட்டியைப் பார்த்திருப்பார், துணி இல்லை, கந்தகத்தைக் கொட்டித் தண்ணீர் விட்டிருப்பார். ஐந்து வரிசை முடித்து ஆறாவது வரிசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"கையில என்னடா?"

"கம்பி அடிச்சிருச்சுப்பா. நிறுத்துங்க, மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஏன்? உனக்குக் கைதானே போச்சு, எனக்கா போச்சு?"

"குழாய் அடைச்ச மாதிரி இருக்குப்பா. நான் கழுவித் தரேன்."

அப்பா முனகிக்கொண்டே டிராக்டரை நிறுத்தினார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் அத்தனை இலையையும் தண்ணீர் விட்டு அலசியிருக்கலாம். பாதியாவது தப்பியிருக்கும். ஆனால் போன வருஷம்தான் அவன் வலையைத் தப்பாகக் கட்டி ஒரு வரிசையையே குருவிக்குப் படைத்திருந்தான். அப்பா அதைப் பீப்பாய்க்காரர் முன்னால் வைத்துச் சொல்லிச் சிரித்தார். பீப்பாய்க்காரர்தான் அவர்கள் பழத்தை வாங்கி ஒயின் போடுகிறவர். ஒரு வாய்க்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்க ஒத்தாசைக்குத் தெம்பில்லை. அடியில் கொஞ்சந்தானே தங்கியிருக்கும், ஒன்றும் ஆகாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. அவன் நிற்கவில்லை. சாயங்காலம் தொட்டியைச் சோடா போட்டு ஊறவைத்தான். அப்புறம் கொட்டகை மூலையில் கிடந்த பழைய சிவப்புப் போர்வையிலிருந்து ஒரு முழம் கிழித்தான். முப்பது வருஷமாக அந்தப் போர்வையிலிருந்துதான் கிழிக்கிறார்கள். எல்லாத் துணிக்கும் ஒரே வெளிறல். பல்லாலும் ஒரு கையாலும் அதை மூடியில் கட்டினான். முடிச்சு அப்பா போடுகிற மாதிரியே விழுந்தது.

பன்னிரண்டாம் நாள் இலை காட்டிக்கொடுத்தது. ஐந்து வரிசையிலும் இலை விரியாமல் விசிறி மாதிரி மடிந்து, நரம்பெல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஓரம் ரம்பம் போல நீட்டிக்கொண்டு நின்றது. தளிர் நுனி புழு மாதிரி சுருண்டிருந்தது. ஆறாவது வரிசையிலிருந்து பச்சைப்பசேல் என்று நல்ல கொடி. எங்கே தப்பு நடந்தது என்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

அப்பா ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தொட்டியைப் பார்த்தார். துணி அங்கே இருந்தது. தொட்டியைக் கழுவிய பிறகும் அதை அவிழ்க்க ஒத்தாசை மறந்திருந்தான், அல்லது மறக்கவில்லை.

"நான் பாக்கும்போது இது இல்லடா."

ஒத்தாசை காயம்பட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நிஜமா இல்ல. மூடியைத் தொறந்தேனே. துணி இருந்தா எப்படித் தொறப்பேன்?"

"கைப்பழக்கத்துல அவுத்திருப்பீங்கப்பா," என்றான் அவன். "அடிச்சு முடிச்சிட்டு அதே பழக்கத்துல திருப்பிக் கட்டியிருப்பீங்க."

அந்த வாக்கியத்தை அவன் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. அப்பா துணியைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சைத் தடவினார். தன் முடிச்சு மாதிரி இருந்தது அவருக்கு.

"அப்படித்தான் இருக்கணும்," என்றார் கடைசியில். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவன் கேட்டதே இல்லை.

பூ வந்தது. அந்த ஐந்து வரிசையில் பூ உதிர்ந்து, குலைக்கு நாலு காய் தங்கியது. அக்கா வந்து பார்த்தாள். அப்பாவே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், போலீஸில் போய்ச் சரணடைகிறவர் மாதிரி. அவள் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். குடை, ரயில், எலுமிச்சை. அப்பாவுக்குக் குடையும் ரயிலும் வந்தது, மூன்றாவது வரவில்லை. வயதுக்கு இது சகஜம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அக்கா காதில் முதல் பாதி விழவில்லை.

"தம்பி, அப்பாவைத் தனியா டிராக்டர்ல விடாதே. அறுப்பு முடியட்டும், நான் என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன். பின்ரூமை ஒழிச்சு வைக்கிறேன். தையல் மிஷினை எடுத்துட்டா ஒரு கட்டில் போடலாம்."

"அந்த ரூம்ல ஜன்னலைத் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு தானேக்கா?"

"அதுக்கு? இங்க ஜன்னலைத் தொறந்து என்ன பண்ணாரு பாத்தேல்ல?"

அப்பா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மகன் பக்கமாக.

கோடை முழுக்கத் தோட்டம் ஒத்தாசையின் கையில் இருந்தது. இங்கேதான் அவனுக்கு அடி விழுந்தது: வேலை நன்றாகப் போயிற்று. குலையைச் சுற்றி இலையை எவ்வளவு கிள்ளினால் காற்று போகும், எந்தப் பக்கம் விட்டால் வெயில் சுடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மருந்து நாள் தவறவில்லை. வலை இந்தத் தடவை தரையோடு ஒட்டி நின்றது. "பரவாயில்லையே ஒத்தாசை, முதலாளி ஆயிட்டியே!" என்று பீப்பாய்க்காரர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் உறுத்தியது. காலையில் சாவியை எடுக்கும்போதெல்லாம் உள்ளங்கைத் தழும்பு அதில் உரசும்.

அப்பா அந்த ஐந்து வரிசையை விட்டு நகரவே இல்லை. ஒத்தாசை அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவான். அப்பா விடிந்ததும் அங்கேதான் போய் நிற்பார். கோணிய இலையைக் கிள்ளி எறிந்து புதுத் தளிருக்கு வழி விட்டுக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பார். ஒரு நாள் தண்ணீர் கொண்டுபோன ஒத்தாசை, கொடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான்.

"குடை, ரயில், எலுமிச்சை. குடை, ரயில், எலுமிச்சை."

பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டான்.

காய் நிறம் மாறத் தொடங்கிய வாரம் அப்பா கடையிலிருந்து ஒட்டுகிற தாள் வாங்கி வந்தார்.

"எனக்குக் கை நடுங்குது. உன் எழுத்து நல்லா இருக்கும். எழுதிக் குடு."

"என்னப்பா எழுதணும்?"

"உப்பு. சர்க்கரை. காபித்தூள். அடுப்பை அணை, அதை மட்டும் பெருசா எழுது."

உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் அச்சு அசல் ஒன்று போலத்தான் இருக்கும். அம்மா காலத்திலிருந்து இடதுபக்கம் உப்பு, வலதுபக்கம் சர்க்கரை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மனுஷன் அவர். ஒத்தாசை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதினொரு தாள் எழுதினான். இப்போது சொல், இப்போது சொல் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே ஒன்று இடித்தது. அறுப்பு முடியட்டும் என்று அதன் வாயை அடைத்தான். எழுதியதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்:

"கையெழுத்து முத்து முத்தா இருக்குடா. உங்கம்மா எழுத்து."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

அறுப்புக்கு நாள் குறிக்க வேண்டிய காலை வந்தது. கூடை எடுக்க வரும் பெண்களில் மூத்தவள், வாய்க்குப் பூட்டே இல்லாதவள், வேலியோரம் நின்று கத்தினாள்: "எப்போப்பா அறுப்பு? நாள் சொல்லுவியா, இல்ல பழம் ஒயின் ஆனப்புறம் பாட்டிலோட வரட்டுமா?"

"சாயங்காலம் சொல்றேன்க்கா."

"உங்கப்பாவைக் கேட்டியா?"

"கேக்கறேன்."

"அவரை இன்னும் கேக்கறியா? பாவம், என் பேரையே ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாரு," என்றுவிட்டுப் போனாள்.

சர்க்கரை பார்க்கும் கண்ணாடியில் ஒத்தாசை நாலு இடத்தில் சாறு விட்டுப் பார்த்தான். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா எண்ணை நம்பி அறுத்ததே இல்லை. பழத்தைச் சப்பி, விதையைத் துப்பி, நிறம் பார்த்து, கடித்துப் பார்த்துத்தான் நாள் சொல்வார். மேற்கே மேகம் வேறு திரண்டிருந்தது. இன்றைக்கே வெட்டினால் மழைக்குத் தப்பலாம், பழம் பச்சையாக இருக்கும். காத்திருந்தால் பழுக்கும், மழை வந்தால் வெடித்துவிடும். ஒத்தாசை மூன்று குலையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஐந்து வரிசைக்கே போனான். அப்பா பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, கடிச்சுப் பாருங்க. இன்னைக்கா, இன்னும் மூணு நாளா?"

அப்பா குலையை வாங்கவில்லை.

"என்னைக் கேக்காதடா."

"சும்மா ஒரு பழம்."

"வேணாம். நான் ஒண்ணு சொல்லுவேன், நீ அதைக் கேட்டு வெட்டுவே, அப்புறம் மிச்ச ஒம்பது வரிசையும் போகும்." கையை விரித்துக் காட்டினார். "கண்ணு முன்னால கட்டியிருந்த சிவப்புத் துணியே தெரியலயே எனக்கு. இதுவா தெரியப் போகுது?"

ஒத்தாசை குலையோடு கொடிக்கு அடியில், மண்ணில், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"துணி இல்லப்பா."

"என்ன?"

"அன்னைக்குத் துணி இல்ல. நான்தான் அவுத்து என் கையில கட்டிட்டுப் போனேன். நீங்க பாத்தது சரி. சாயங்காலம் நான் வேற துணி கிழிச்சுக் கட்டிட்டேன்."

அப்பா அவன் வாயையே பார்த்தார். புரியாத பாஷை பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னான். நர்ஸம்மா, குப்பைக்கூடை, போர்வை, எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்போ நான் மூடியைத் தொறக்கும்போது துணி இல்ல."

"இல்லப்பா."

"நான் பாத்தேன். இல்ல."

"இல்ல."

அப்பா சிரித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "குடை, ரயில், எலுமிச்சை!" என்று தோட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "கேட்டியா? எலுமிச்சை!" மறுபடி பிறந்து வந்தவர் மாதிரி இருந்தது முகம். ஒத்தாசை ஒரு அறையை எதிர்பார்த்துக் கன்னத்தை இறுக்கி வைத்திருந்தான். அறை விழுந்திருந்தால் தாங்கியிருப்பான். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்பா மறுபடி கூடைமேல் உட்கார்ந்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். கத்தரி வெயில், இலை கிள்ளியது, வலை கட்டியது, நிறம் மாறியது. ஒவ்வொரு மாதமாக மடக்கினார்.

"அந்தத் தாளெல்லாம் நீதானே எழுதினே?"

"ஆமாம்பா."

"உக்காந்து எழுதினே."

"ஆமா."

"எழுத்து நல்லா இருக்குன்னு சொன்னேனே நான்."

அப்பா அவன் கையிலிருந்து குலையைப் பிடுங்கி ஒரு பழத்தை வாயில் போட்டார். சப்பி, தோலை மென்று, விதையை உள்ளங்கையில் துப்பி, வெயிலில் திருப்பிப் பார்த்தார். முன்பல்லில் வைத்துக் கடித்தார். மேற்கே மேகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த மேகம் வெறும் ஜம்பம். மூணு நாள் விடு. சாவியைக் குடு."

கொடுத்தான்.

"உங்கக்காவுக்கு போன் போடு. இங்கயே. எனக்குக் கேக்கற மாதிரி."

போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். முதலிலிருந்து சொன்னான். மூன்றாவது தடவை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்தான், இல்லை. முடித்ததும்தான் அவள் மூச்சு கேட்டது.

"நீயெல்லாம் மனுஷனாடா? நான் அந்த மனுஷனைப் பக்கத்துல வச்சிக்கிட்டு டாக்டர்கிட்ட அழுதேன்டா. அவரு எனக்கு ஆறுதல் சொன்னாரு. யாரு? அப்பா! எனக்கு!"

"அக்கா..."

"அக்கான்னு கூப்பிடாதே. போனை அப்பாகிட்ட குடு."

அப்பா போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "ஆமாம்மா... இல்லம்மா... அழாதே. தையல் மிஷினைத் திரும்ப அந்த ரூம்லயே வச்சிடு. நான் வரல." கொஞ்ச நேரம் கேட்டார். "அவனை என்ன பண்றது? ஒண்ணும் பண்றதுக்கில்ல. அறுப்புக்கு ஆள் வேணுமே."

அப்பா சொன்ன நாளில்தான் அறுப்பு நடந்தது. மேகம் வந்த வழியே போயிற்று. ஒன்பது வரிசையும் முழுசாக விளைந்திருந்தது. ஐந்து வரிசையில் கூடைக்கு அடிகூட மறையவில்லை. அப்பா டிராக்டரில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டினார். வாய்க்காரப் பெண்ணை மட்டும் பேர் சொல்லி, சத்தமாக, மூன்று தடவை கூப்பிட்டார். "இங்க கூடை வை", "அதைத் தூக்கு" என்று ஒத்தாசையிடமும் சொன்னார். டா போடவில்லை. கூலிக்கு வந்த வேற்றாளிடம் பேசுகிற மாதிரி, முகம் பார்க்காமல் சொன்னார். நடந்ததைப் பீப்பாய்க்காரரிடம் சொல்லவே இல்லை. அப்பா சொல்லிச் சிரித்துவிட்டால் தேவலை என்று ஒத்தாசைக்கு இருந்தது. வாயைத் திறந்து தானே சொல்லலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனான். பீப்பாய்க்காரர் பழத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லா பண்ணியிருக்கே ஒத்தாசை" என்றார். "நான் இல்லைங்க, அப்பா" என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது. அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கடைசி வண்டி போன பிறகு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, ஒத்தாசை கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். அப்பா சமையலறையில் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். நகத்தால் ஓரத்தை நெம்பி, ஒவ்வொன்றாக. காபித்தூள் போயிற்று. அடுப்பை அணை போயிற்று. சர்க்கரையும் உப்பும் போயிற்று. எல்லாவற்றையும் உருட்டி ஒரே உருண்டையாக்கிக் குப்பையில் போட்டார். ஒத்தாசை நிலைப்படியிலேயே நின்றான்.

அடுப்பில் கஞ்சி கொதித்தது. அப்பா பழக்கப்படி, பார்க்காமல், இடதுபக்கத்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். பானைக்கு மேலே கொண்டுபோன கை அங்கேயே நின்றது. டப்பாவைப் பார்த்தார். தாள் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. வலதுபக்கத்து டப்பாவைப் பார்த்தார். மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தார்.

பிறகு, மகன் பார்க்கிறான் என்று தெரிந்தும், விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.